குவைத்தில் அண்ணன், சிட்னியில் ஊர்வலம்

யுத்தத்தை எதிர்க்கிறவர்கள் புல்தரையில் இறைச்சி சுடுவார்கள் என்று எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. 2003 மார்ச். சிட்னியில் நான் படித்த பல்கலைக்கழகத்தில், ஈராக் மீது போர் வேண்டாம் என்று எழுதிய பதாகைக்குக் கீழே, மாணவர்கள் பாணுக்குள் சொசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். கிற்றார் வேறு. யுத்தம் என்றாலே தின்ற சோற்றை அரைவாசியில் விட்டு ஓடிப் பழகியவன் நான். இவர்களுக்கோ பசி எடுக்கிறது! கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் ஒன்று வாங்கித் தின்றேன்.

ஊரில் இருந்து வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் சண்டை வரப்போகிறது என்று கதை அடிபட்டால் நாங்கள் பதாகை எழுதுவதில்லை, அரிசி வாங்கச் சங்கக்கடைக்கு ஓடுவோம். ஆமி பாதையைப் பூட்டிவிட்டால் பிறகு என்னத்தைத் தின்கிறது? அந்தப் புத்தி என்னை விட்டுப் போகவில்லை. அன்று பின்னேரம் ரயிலில் வந்து வென்ட்வேர்த்வில்லில் இறங்கி, தமிழ்க்கடையில் ஒரு மூட்டை அரிசியும் மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் சவர்க்காரமும் வாங்கிச் சுமந்துகொண்டு அறைக்குப் போனேன். என்னோடு தங்கியிருந்த மதுரைக்காரன் செந்தில் வாயைப் பிளந்தான்.

“என்னப்பா இவ்வளவு அரிசி? யாருக்குக் கல்யாணம்?”

“யுத்தம் வரப்போகுதெல்லோ.”

“அட, அது ஈராக்ல வருதுய்யா! இங்க எவன் கடைய மூடப்போறான்?”

விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்து முடிய அழுகை வந்தது. என் அண்ணன் குவைத்தில் லொறி ஓட்டிக்கொண்டிருந்தான். ஈராக் அவனுக்குப் பக்கத்து வளவு மாதிரி. காசு அனுப்பி என்னைப் படிப்பிக்கிறவனும் அவன்தான்.

பின்னேரங்களில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் லொறிகளுக்குக் காற்று வடிகட்டி செய்தோம். வாடிய என் முகத்தைப் பார்த்த மேற்பார்வையாளர், வேலை போய்விடும் என்று பயப்படுகிறேனாக்கும் என்று நினைத்து முதுகில் தட்டினார். சண்டை தொடங்கினால் பாலைவனத் தூசியில் ஓடும் ஆமி லொறிகளுக்கு ஓடர் குவியும், ஓவர்டைம் கிடைக்கும், யோசிக்காதே என்றார். நல்ல மனிதர்.

அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

“உங்கை நிக்க வேண்டாம் அண்ணை, ஊருக்குப் போங்கோ. நான் படிப்பை நிப்பாட்டுறன்.”

“விசர்க்கதை கதையாதை. அமெரிக்கன் ஆமியின்ரை காம்புக்கு லொறியிலை தண்ணி ஏத்த ஆள் எடுக்கிறாங்கள். நான் பேர் குடுத்திட்டன்.”

“எல்லை தாண்டிப் போவியளோ?”

“ஓம். ஆமிக்குப் பின்னாலைதானே போறது, பயமில்லை. நீ படி.”

ஊரில் ஆமி வருகிறது என்றால் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிய அண்ணன். இப்போது ஆமிக்குப் பின்னால் போவதுதான் பாதுகாப்பு என்கிறான்.

மறுநாள் நகரத்தில் ஊர்வலம். கூடப் படிக்கும் எமிலி என் கையில் ஒரு அட்டையைத் திணித்து, யுத்தத்தைக் கண்டவன் நீதான் முன்னுக்கு வரவேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனாள். அத்தனை ஆயிரம் பேருக்கு நடுவில் அப்படி ஒரு தனிமையை நான் அனுபவித்ததில்லை. அமெரிக்க ஆமியே, ஒரு அடிகூட முன்னேறாதே, திரும்பிப் போ என்று எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன், மனதாரத்தான். ஆனால் நெஞ்சு வேறொன்றை மன்றாடிக்கொண்டிருந்தது: முருகா, அந்த ஆமி நல்லபடியாக முன்னேற வேண்டும், பாதையில் ஒரு கண்ணிவெடியும் இருக்கக்கூடாது.

எமிலி என் கண்ணீரைக் கண்டாள். கையை இறுக்கிப் பிடித்து, இன்னும் பலமாகக் கத்து என்றாள். கத்தினேன்.