தலைகீழாகத் தெரிந்த அம்மா

எழுபதுகளின் கடைசி வருடங்கள். ஹட்டன் ஸ்டேஷனில் ஒரு காலை நேரம். எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குப் போகிற குடும்பங்கள் தகரப் பெட்டியும் பாய்ச்சுருட்டுமாக மேடை முழுக்க உட்கார்ந்திருந்தன. தலைமன்னாருக்குப் போகிற அந்த ரயிலை நாங்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றுதான் சொல்வோம். ஏன் அந்தப் பெயர் என்று அன்று அங்கே நின்ற யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா, அம்மா, தங்கை மூவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட். எனக்கும் அண்ணனுக்கும் இலங்கைப் பிரஜாவுரிமை. ஒரே லயத்து வரிசையில், ஒற்றை அறைக் காம்பராவில் கிடந்தவர்களை இப்படிப் பிரித்துப் போட்டார்கள் இரண்டு அரசாங்கத்துப் புண்ணியவான்கள்! அண்ணன் அதற்கு முன்பே பிரிந்து போயிருந்தான். “இந்தியாவுல நமக்கு யாரு இருக்காங்க? போறோம்னு எதுக்கு எழுதிக் குடுத்தீங்க?” என்று அப்பாவோடு மல்லுக்கு நின்று, பேச்சு முற்றி, வீட்டைவிட்டே போய்விட்டான். மலை உச்சியில் ஓர் அவதான நிலையம் இருந்தது. மழை, காற்று எல்லாம் அளப்பார்கள். இரவில் நட்சத்திரம் பார்க்கத் தொலைகாட்டியும் வைத்திருந்தார்கள். அங்கே காவல்காரனாகச் சேர்ந்தவன் ஒரு வருடமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

கோச்சி மத்தியானத்துக்கு மேல்தான். ஆனால் அம்மா காலையிலேயே தகரப் பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டு ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்: “பெரியவன் மொகத்தப் பாக்காம நான் கோச்சி ஏற மாட்டேன். தூக்கிப் போட்டாலும் எறங்கி வந்துருவேன்.”

“வராட்டிப் போறான், விடு” என்றார் அப்பா. சொன்னாரே தவிர, அவர் கண்ணும் ஸ்டேஷன் வாசலைவிட்டு நகரவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. வழியனுப்ப வந்திருந்த தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கேட்டதும் தந்தார். “நான் போயி இழுத்துட்டு வரேம்மா, நீ அழாத” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன். போய்விட்டு வருகிறேன் என்றுகூட அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. எப்படியும் வந்துவிடப் போகிறேனே என்ற நினைப்புத்தான்.

மலைப் பாதையைச் சைக்கிளில் ஏறிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வதை தெரியும். முதல் வளைவிலேயே நெஞ்சு அடைத்தது. இரண்டு மிதி, ஒரு தள்ளு, மறுபடி இரண்டு மிதி. மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

“ஏ தம்பி, சைக்கிள் ஒன்னய ஏத்துதா, நீ சைக்கிள ஏத்துறியா?” என்று ஒருத்தி கேட்க, மலையே சிரித்தது. இன்னொரு அக்கா மட்டும், “அதப் போட்டுட்டுக் குறுக்கால ஏறுப்பா. நம்ம ஆளுக யாராச்சும் ரோட்டுல போவாங்களா?” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். தேயிலைக்குள் செங்குத்தாகப் போகிற குறுக்குப் பாதைதான் எங்கள் பாதை. வளைந்து வளைந்து போகிற ரோடு தொரைமாரின் காருக்குப் போட்டது. ஆனால் ஐயாவின் சைக்கிளை நடுத் தேயிலையில் எப்படிப் போட்டுவிட்டுப் போவது? இறங்கும்போது அண்ணனைப் பின்னால் உட்காரவைத்துப் பறந்து வந்துவிடலாம் என்று கணக்கு வேறு போட்டிருந்தேன். ரோட்டிலேயே போனேன். நடுவில் செயின் கழன்றது. பனிமூட்டம் வந்து மூடிக்கொண்டது. உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது, கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை.

அவதான நிலையத்தைப் பார்த்துக்கொள்கிற சிங்கள மாத்தயா வெளியே வந்தார். மாத்தயா என்றால் அவர்கள் பேச்சில் ஐயா. தடித்த ஸ்வெட்டர், தலையில் கம்பளித் தொப்பி. மூச்சு வாங்க அண்ணனைக் கேட்டேன்.

“ஒங்க அண்ணன் கீழ போனது நே” என்றார். “ராவெல்லாம் நித்திர இல்ல. அம்மாவப் பாக்கணும் சொல்லி, ஒரு மணி நேரம் முந்தி குறுக்குப் பாதையில ஓடினது.”

அட கடவுளே! நான் ரோட்டில் மேலே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். அவன் தேயிலைக்குள் கீழே இறங்கியிருக்கிறான். பனிமூட்டத்தில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறோம். நான் சைக்கிளைத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்துக் கீழே எங்கோ, ஸ்டேஷனுக்கு வருகிற கோச்சி ஊதியது. இனி எவ்வளவு வேகமாக இறங்கினாலும் முடியாது என்று தெரிந்துவிட்டது. அப்படியே ரோட்டில் உட்கார்ந்து, வளர்ந்த ஆம்பளை என்ற வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன்.

மாத்தயா என் தோளைப் பிடித்து எழுப்பினார். “மல்லி, எண்ட, எண்ட” என்று, தம்பி வா வா என்று, இழுத்துக்கொண்டு போனார். உள்ளே இருந்து மூன்று கால் வைத்த தொலைகாட்டியைத் தூக்கிவந்து மதிலோரம் நிறுத்தி, கீழே திருப்பினார். நல்ல காலம், பனி விலகி வெயில் அடித்தது. குனிந்து பார்த்தால் ஸ்டேஷன் தெரிகிறது, ஆனால் எல்லாம் தலைகீழாக! திகைத்துப் போய் நிமிர்ந்தேன்.

“அது அப்படித்தான் மல்லி. நட்சத்திரத்துக்கு மேல கீழ இல்ல நே” என்றார்.

மறுபடி குனிந்தேன். கூட்டத்தில் அம்மாவின் குங்கும நிறச் சேலையைக் கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்தில் அண்ணன். அம்மா அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்பா அவன் தோளில் கை வைத்திருந்தார். ஒரு வருடச் சண்டை எங்கே போனதோ தெரியவில்லை. அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஆனால் கோச்சி வந்து நின்ற பிறகும் அம்மா ஏறவில்லை. திரும்பித் திரும்பி வாசலைப் பார்த்தாள். இப்போது அவள் தேடுவது என்னை.

“மாத்தயா, அம்மா என்னயத் தேடுறாங்க” என்றேன்.

மனிதர் உள்ளே ஓடினார். சவரம் செய்கிற முகக் கண்ணாடியோடு வந்தார். மதில்மேல் ஏறி நின்று, வெயிலை அதில் வாங்கி, ஸ்டேஷனை நோக்கி ஆட்டினார், ஆட்டினார், ஆட்டிக்கொண்டேயிருந்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. முதலில் அண்ணன்தான் நிமிர்ந்தான். வேலை செய்கிற மலையை அவனுக்குத் தெரியாதா? அம்மாவின் தோளைத் தொட்டு மலையைக் காட்டினான். அம்மா திரும்பினாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினாள். எனக்கோ எல்லாம் தலைகீழ். தொட்டிலில் கிடக்கிற பிள்ளையைத் தூக்குவதற்குக் குனிகிறபோது கைகள் இறங்கி வருமே, அப்படி வந்தன.

அதற்குப் பிறகுதான் ஏறினாள். கோச்சி வளைவில் மறையும் வரை மாத்தயா கண்ணாடியைக் கீழே இறக்கவில்லை. பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார்.

அம்மாவை அப்புறம் நான் பார்க்கவேயில்லை. அவள் இந்தியாவிலேயே கண்ணை மூடிவிட்டாள். இந்த நாட்டில் அதன்பிறகு என்னென்னவோ நடந்துவிட்டது. யாராவது ஆத்திரத்தில், “சிங்களவனுக எல்லாருமே அப்படித்தான்” என்று பேசும்போது, பெயர்கூடக் கேட்காமல் விட்டுவிட்ட அந்த மாத்தயா மதில்மேல் கண்ணாடியோடு வந்து நின்றுவிடுவார், நான் வாயை மூடிக்கொள்வேன். வயதாக ஆக அம்மாவின் முகம்கூட எனக்கு மங்கிக்கொண்டு வருகிறது. ஆனால் என்னைத் தூக்க இறங்கி வந்த அந்த இரண்டு கைகள் மட்டும் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கின்றன.