மூன்று கேசட்டில் ஒரு வரலாறு

எண்பதுகளில் விழுப்புரத்தில் அமெரிக்க ஹார்ட் ராக் இசைக்கு ஒரே அறிஞன் நான்தான். என் கல்வி முழுவதும் ஒரே குழுவின் மூன்று கேசட்டுகள். திண்டிவனத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கியவை. அட்டையும் கிடையாது, ஆண்டும் கிடையாது. எது முதலில் வந்தது என்று கேட்டதற்குக் கடைக்காரர், "எது கைக்கு வருதோ அத்தப் பதிஞ்சு தர்றேன் தம்பி" என்றார்.

ஆகவே வரிசையை நானே முடிவு செய்தேன். முதலில் மென்மையான காதல் பாட்டுகள், பிறகு கொஞ்சம் கோபம், கடைசியில் காது கிழியும் ஆவேசம். உலகம் ஏமாற்ற ஏமாற்றக் கலைஞன் சீறுகிறான் என்று டீக்கடையில் நண்பர்களுக்கு மணிக்கணக்கில் விளக்கினேன். டீ என் செலவு என்பதால் யாரும் மறுக்கவில்லை.

நண்பன் ஒருவனின் அண்ணன், பாண்டிச்சேரியில் படித்தவர், ஒருநாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "எல்லாத்தையும் தலைகீழா சொல்லிக்கினு இருக்கியேப்பா. மொதல்லதான் அவுங்க கத்திக்கினு இருந்தாங்க. பேரு வந்துச்சு, பங்களா வாங்கினாங்க, அப்புறம் லவ் பாட்டுல எறங்கிட்டாங்க."

ஒரு கலைஞன் இப்படியா விலைபோவான் என்று கொதித்துப்போய் மூன்றையும் பரணில் எறிந்தேன். வங்கியில் வேலை கிடைக்கும்வரை அந்தக் கொதிப்பு அடங்கவில்லை. வேலையில் சேர்ந்த வாரமே பரணில் ஏறி, காதல் பாட்டுக் கேசட்டை மட்டும் இறக்கிக்கொண்டு வந்தேன்.