புளி போட்டு விளக்கிய பிளக்கு

பெட்டியைத் திறந்ததும் ஆறு பிளக்கும் வெள்ளிக்கிழமை விளக்கு மாதிரி மின்னிச்சு. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வெளியே வாசலில் லாரி நிற்குது. லாரி நிறைய சிவணம்மாவோட மிளகாய் வத்தல். கிழக்கே மேகம் கூடிக்கிட்டு வருது. அவசரத்தில் மின்னுறதெல்லாம் நல்லதாத்தான் தெரியும்.

நடந்ததைச் சொல்லுமுன்னே அந்த வண்டியைப் பத்திச் சொல்லணும். இல்லாட்டி இப்ப வண்டி வேலை பழகுற பிள்ளைகளுக்கு விளங்காது.

1. கரி வண்டி

அது உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் அளந்துதான் கொடுப்பாங்க. அந்த அளவை நம்பி லாரி ஓட்டினால் மாசத்தில் பாதி நாள் வாசலில்தான் நிற்கும். அதனால் எங்க வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னால் ஒரு டிரம்மு மாட்டிக் கரி கேஸில் ஓட்டினார். டிரம்மில் கரியைப் போட்டு மூட்டி, விசிறியைச் சுத்தினால் கேஸ் வரும். முதலில் துளி பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணிட்டு அப்புறம் கேஸுக்கு மாத்திக்கிடணும்.

கரி கேஸில் ஓடுற வண்டிக்குப் பிளக்குதான் சீக்கு. தாரு மாதிரி ஒரு பிசுக்கு நுனியில் அப்பிக்கிடும். பிளக்கில் பொறி வரலைன்னா இஞ்சின் கிழவன் இருமுற மாதிரி இருமும். அதனால் ரெண்டு செட்டு வச்சிருந்தோம். ஒரு செட்டு வண்டியில் ஓடும், இன்னொரு செட்டு வீட்டில் ஊறும். புதுசு வாங்க எங்கேயும் கிடைக்காது.

கிளீனர் பையன் பட்டாளத்துக்குப் போனதும் அந்த வேலை என் கைக்கு வந்தது. எங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவைதான் காட்டிக் கொடுத்தார். மத்ததை நானே கண்டுக்கிட்டேன். பிளக்கைக் கழட்டுமுன்னே சுத்தி இருக்கிற புழுதியை ஊதணும், இல்லாட்டி மண்ணு சிலிண்டருக்குள்ளே விழுந்திரும். அதுக்கு அடுப்பு ஊதுற குழலை எடுத்துக்கிட்டேன். எந்த வயரு எந்தப் பிளக்குக்குன்னு மாறிப் போகாமல் இருக்க வயருக்கொரு நிறத்தில் நூல் கட்டினேன். அருப்புக்கோட்டையில் சாய நூலுக்கா பஞ்சம்? நம்பர் வாசிக்கத் தெரியாட்டி என்ன, சிவப்பையும் பச்சையையும் கண்ணு வாசிக்கும்.

பிளக்கைச் சீமெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேச்சு, நுனிக்கம்பி இடைவெளியை ஒரு தகரத் துண்டை விட்டுப் பார்த்து, பெட்டியில் அடுக்கி வைப்பேன். பாலவனத்தத்தில் எங்க வீட்டு வாசலில் வண்டி வந்து நின்றால் பிளக்கு கழட்டுற பாக்ஸ் ஸ்பேனரோடு நான்தான் இறங்குவேன். ஊரில் சிரிச்சவுக சிரிச்சாக. வண்டி ஓடினதும் சிரிப்பு ஓஞ்சு போச்சு.

2. சிவணம்மா வத்தல்

திருச்சுழிப் பக்கத்துக்காரி சிவணம்மா. அவளும் அவ புருசன் கருப்பையாவும் மானாவாரிக் காட்டில் மிளகாய் போட்டவங்க. அந்த வருசம் மழை இல்லாமல் காஞ்ச காய்ச்சலில் பாதிச் செடி கருகிப் போய், மிச்சத்தைப் பறிச்சு, களத்தில் காயவச்சு மூட்டை கட்டி இருந்தாக. அந்த வருசத்துச் சோறே அந்த மூட்டைகள்தான். அதை விருதுநகர் மண்டிக் கிட்டங்கியில் சேர்க்க எங்க வண்டியில் ஏத்தி வந்தாக. மூட்டை மேலேயே ரெண்டு பேரும் உக்காந்து வந்தாக.

அருப்புக்கோட்டை தாண்டினதுமே இஞ்சின் இருமிக்கிட்டே வந்து எங்க வாசலில் நின்னுச்சு.

"ஏ புள்ள, பிளக்கை மாத்து. சீக்கிரம். மேகத்தைப் பாத்தியா?" என்றார் எங்க வீட்டுக்காரர்.

பங்குனியில் மழை வரும்னு யார் நினைச்சா? வத்தல் நனைஞ்சால் கறுத்துப் பூசணம் பிடிச்சுரும். ஒருத்தனும் தொடமாட்டான். தார்ப்பாயோ கிழிசல்.

சூட்டோட சூடா பழைய பிளக்கைக் கழட்டிச் சீமெண்ணெய் வாளியில் போட்டேன். பெட்டியைத் திறந்து, மின்னுற பிளக்கை எடுத்து வரிசையா மாட்டினேன். வயரு மாட்டினேன். "சரி, சுத்துங்க" என்றேன்.

அவர் ஹேண்டிலைப் போட்டுச் சுத்தினார். ஒண்ணும் இல்லை. மறுபடி சுத்தினார். கருப்பையா அண்ணன் சட்டையைக் கழட்டிட்டு வந்து சுத்தினார். இஞ்சின் இருமக்கூட இல்லை.

"பெட்ரோலில் தண்ணி கலந்திருக்கும்" என்று எங்க வீட்டுக்காரர் கார்புரேட்டரைக் கழட்டினார். தண்ணி இல்லை. திரும்ப மாட்டிச் சுத்தினார். அப்பவும் அப்படியே.

சிவணம்மா மூட்டை மேலிருந்து இறங்கி வந்தா. "மதினி, இறக்கி உங்க வீட்டுக்குள்ள அடுக்கிருவோமா?"

"எங்க வீட்டைப் பாத்துட்டுச் சொல்லு" என்றேன். ஓலைக் கூரை. வெயிலுக்குத்தான் நிழல், மழைக்குச் சல்லடை. அடுக்கினாலும் பத்து மூட்டைக்கு மேலே கொள்ளாது.

"அப்ப நான் என்ன செய்ய? மூட்டைக்குக் குடை பிடிக்கவா?" என்றவளுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

எங்க மாமியா வாசல் கூட்டுற வாரியலோடு நின்னுக்கிட்டிருந்தாக. என்னைப் பார்த்து மெதுவா, "ஏத்தா, பிளக்கு நல்லாத்தானே இருந்துச்சு? நான் எப்பிடி வெளக்கி வச்சிருந்தேன், பாத்தியா?" என்றாக.

நான் சட்டுன்னு திரும்பினேன். "நீங்களா விளக்கினீங்க? எதை வச்சு அத்தை?"

"சீமெண்ணெய் ரேசன்ல கொடுக்குறதே கால் போத்தலு. அதை நீ இரும்புல ஊத்துற, ராத்திரி வெளக்குக்கு இல்ல. அதான் புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய்ப்பு. குத்துவெளக்குக் கணக்கா ஆயிருச்சுல்ல?"

எனக்குத் தெரியாமல் மாமியா காலையில்தான் விளக்கிக் கழுவிப் பெட்டியில் வச்சிருக்காக. பிளக்குக்குள்ளே பீங்கானுக்கும் இரும்புக்கும் நடுவில் கிணறு மாதிரி ஒரு பள்ளம் இருக்கு. வெளியே காஞ்ச மாதிரி தெரியும், உள்ளே புளித்தண்ணி நிற்கும். ஈரத்தில் பொறி ஓடி ஒளிஞ்சுக்கிடும்.

எங்க வீட்டுக்காரர் காதிலும் விழுந்திருச்சு. ஹேண்டிலைத் தரையில் போட்டார். "புளியா? பிளக்குக்குப் புளியா? யாரு போட்டது?"

மாமியா வாரியலைப் பிடிச்ச கையை இறுக்கினாக. கூட்டின இடத்தையே குனிஞ்சு மறுபடி கூட்டினாக.

"யாரு போட்டதுன்னு விசாரிச்சு முடிக்கிற வரைக்கும் மேகம் நிற்குமா? கழட்டுங்க முதல்ல" என்றேன்.

3. வறை ஓடு

பழைய செட்டு சீமெண்ணெயில் கிடக்கு, பிசுக்கும் போகலை. அதை மாட்டிப் பிரயோசனம் இல்லை. புளி பிளக்கை நல்ல தண்ணியில் ஒரு அலசு அலசி, உதறி, செம்பு வாசர் வளையத்தைக் கழட்டித் தனியா வச்சேன். அடுப்பில் காலையில் வத்தல் வறுத்த ஓடு அப்படியே கிடந்தது. அதில் ஆறையும் போட்டு, தணலை இழுத்துவிட்டு, மல்லி வறுக்கிற மாதிரி பெரட்டிப் பெரட்டி வறுத்தேன். பீங்கானில் சூடு ஒரேயடியா ஏறினால் விரிசல் விட்டுரும், அதனால் தீயை எரியவிடலை.

ஓட்டில் ஒட்டியிருந்த காரம் கிளம்பி வீடே இருமிச்சு. வாசலில் எங்க வீட்டுக்காரர் இருமினார், கருப்பையா அண்ணன் இருமினார்.

"வண்டிதான் இருமுச்சு, இப்ப நாங்களும் இருமணுமா?" என்று கத்தினார் எங்க வீட்டுக்காரர்.

"வத்தல் லோடு ஏத்தினவுக இருமத்தான் வேணும்" என்றேன் உள்ளே இருந்து.

வெளியே தொட்டால் காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ளே காஞ்சதை எப்படிக் கண்டுபிடிக்க? பித்தளைத் தட்டு ஒண்ணைக் கவுத்து மேலே பிடிச்சேன். ஆவி படிஞ்சுச்சு. துடைச்சுட்டுக் கொஞ்சம் பொறுத்து மறுபடி பிடிச்சேன். அப்பவும் லேசா மங்கலா இருந்தது. வாசலில் சிவணம்மா, "மதினி, தூத்தல் வாசம் வருது!" என்றா. ஆனாலும் பிளக்கை எடுக்கலை. மூணாவது தடவை பிடிச்சப்ப தட்டு தட்டாவே இருந்தது.

ஓட்டோடு தூக்கிட்டு ஓடினேன். கந்தல் துணியில் பிடிச்சு வாசரைப் போட்டு, ஒவ்வொண்ணா இறக்கி முடுக்கினேன். சூட்டில் மாட்டினது ஆறினால் இளகும். அதனால், "குமாரலிங்கபுரம் தாண்டினதும் ஒரு தடவை நிறுத்தி முடுக்கிக்கோங்க" என்று ஸ்பேனரை எங்க வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

அவர் சுத்தினார். ஒரு சுத்து. இஞ்சின் ஒரு தரம் செருமி, அப்புறம் பிடிச்சுக்கிச்சு.

கருப்பையா அண்ணன் தாவி ஏறினார். சிவணம்மாவும் ஏறப் போனா. "இன்னொரு ஆளு ஏறினா அந்த எடத்துல தார்ப்பாய் இழுத்துக் கட்ட முடியாது, நீ இரு" என்று அண்ணன் சொல்லிட்டார். வண்டி புழுதியைக் கிளப்பிக்கிட்டு மேற்கே போச்சு.

கொஞ்ச நேரத்தில் எங்க ஊரில் மழை கொட்டிச்சு. சிவணம்மா கஞ்சியைத் தொடலை. வாசப்படியில் உக்காந்து ரோட்டையே பார்த்துக்கிட்டிருந்தா. வண்டிக்கு முன்னால் மழை போச்சா, பின்னால் போச்சா, யாருக்குத் தெரியும்? மாமியாவும் பக்கத்தில் உக்காந்திருந்தாக. அவுகளும் சாப்பிடலை.

பொழுது சாயுமுன்னே வண்டி திரும்பிச்சு. கருப்பையா அண்ணன் இறங்கும்போதே கையைத் தூக்கிக் காட்டினார். மூட்டை எல்லாம் கிட்டங்கிக்குள்ளே இறங்கினப்புறம்தான் அங்கே முதல் துளி விழுந்ததாம். சிவணம்மா தலையில் கை வச்சுக்கிட்டு அழுதா, அப்புறம் சிரிச்சா, அப்புறம் கஞ்சி கேட்டா.

மாமியாவே கலயத்தில் ஊத்திக் கொடுத்தாக. கொடுத்துட்டு, மகனும் கேக்கிற மாதிரி, "சிவணம்மா, புளி போட்டது நாந்தான் தாயி" என்றாக.

சிவணம்மா ஒரு மடக்குக் குடிச்சுட்டு, "தெரியும் ஆத்தா. வத்தல் மட்டும் நனைஞ்சிருக்கட்டும், அதே ஓட்டுல மாமியாளையும் மருமகளையும் சேத்து வறுத்திருப்பேன்" என்றா.

எல்லாரும் சிரிச்சோம். எங்க வீட்டுக்காரர் மட்டும் சிரிக்காமல், ஸ்பேனரை என் கையில் கொடுத்துட்டு, "முடுக்கிட்டேன். ரெண்டு இளகியிருந்துச்சு, நீ சொன்ன மாதிரி" என்றார்.

அதுக்கப்புறம் அந்த ரோட்டில் கரி வண்டி ஓட்டினவுக பல பேரு எங்க வாசலில் வண்டியை நிறுத்தியிருக்காக. எத்தனையோ பிளக்கு என் கையில் பட்டிருக்கு. மாமியாவும் பக்கத்தில் உக்காந்து தேச்சுக் கொடுப்பாக, சீமெண்ணெயில்தான்.

வேலை பழகுற பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்றேன். அன்னைக்கு வண்டி நின்னதுக்குப் புளி மட்டும் காரணம் இல்லை. பெட்டியைத் திறந்து, இது ஏன் இப்படி மின்னுதுன்னு கேக்காமல் மாட்டினவ நான். அடுத்தவுக தேச்சுக் கொடுத்த சாமானை, அவுக எவ்வளவு பெரியவுகளா இருந்தாலும், உங்க கையால் ஒரு தடவை பார்த்துட்டுத்தான் மாட்டணும். மரியாதையை வாய்ப்பேச்சில் கொடுங்க. மரியாதைக்கு இஞ்சின் ஓடாது.