பி.எஸ்சி. அல்ல, பி.வோக்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஜீவிதாவின் கல்யாணப் பத்திரிகையில், மணமகள் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அடித்தல் இருந்தது. அச்சடித்த ‘பி.எஸ்சி.’யைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே ‘பி.வோக்.’ என்று எழுதியிருந்தார்கள். ஊரில் எல்லோர் வீட்டுக்கும் பத்திரிகை அப்படித்தான் போயிருந்தது.

கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கம், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே நெல்லும் தென்னையும் வைத்திருக்கும் மாரப்பனின் ஒரே மகள் ஜீவிதா. பிளஸ் டூ முடித்ததும், அதே பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உணவு பதப்படுத்தும் படிப்பில் சேர்ந்தாள். பட்டத்தின் பெயர் பேச்சிலர் ஆஃப் வொகேஷன், சுருக்கமாக பி.வோக். பாதிப் படிப்பு வகுப்பறையில், மீதி தொழிற்கூடத்தில். மாம்பழக் காலம் முழுக்க ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கூழ் எடுக்கும் இடத்தில் நின்றாள். வீட்டுக்கு வரும்போது அவள் தலைமுடியிலும் மாம்பழ வாசம் அடிக்கும்.

அந்தப் படிப்பில் முதல் வருடத்தோடு நின்றால் டிப்ளமோ கிடைக்கும், இரண்டாம் வருடத்தோடு நின்றால் அட்வான்ஸ்டு டிப்ளமோ. மூன்றையும் முடித்தால்தான் பட்டம். முதல் வருடம் முடிந்தபோதே சொந்தக்காரர்கள், “ஒரு சர்டிபிகேட்தான் வந்துருச்சல்லோ, போதும். மாப்பிள்ளை பாருங்க” என்றார்கள். ஜீவிதா அடுத்த நாள் காலை வழக்கமான பேருந்தில் கல்லூரிக்குப் போய்விட்டாள்.

பட்டம் வாங்கியபிறகு வேலைக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் அவள் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, டிகிரி சான்றிதழ் எங்கே என்று மலையாளத்தில் கேட்டார்: “டிகிரி சர்டிபிக்கேட் எவிடெ?”

“இது தன்னெயாணு சாரே” என்று அதையே காட்டினாள்.

அவர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். அப்படித் திருப்பிக் கொடுத்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. ஒவ்வொருவரிடமும் நின்று, இதுவும் மூன்று வருடப் பட்டம்தான், பட்டதாரிகள் எழுதும் தேர்வை நானும் எழுதலாம் என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள். கடைசியில் ஊறுகாய்க் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை கிடைத்தது.

மாப்பிள்ளை சிவப்பிரகாஷ் பொள்ளாச்சிப் பக்கம், பி.இ. படித்துவிட்டு மோட்டார் பம்ப் கம்பெனியில் இருந்தான். அவனுக்கு அப்பா இல்லை. பெரியப்பா தனபால்தான் எல்லாம். பெண் பார்க்க வந்த அன்று அவர் முதலில் கேட்டது மார்க்கைத்தான்.

“எத்தன பர்சன்ட் அம்மிணி?”

“பர்சன்ட் போடமாட்டாங்க மாமா. கிரேடுதான். பத்துக்கு ஏழு புள்ளி ரண்டு. பி பிளஸ்.”

“பி-யா? ஏ வாங்கலையா?” என்று அவர் சிரிக்க, கூட வந்தவர்களும் சிரித்தார்கள்.

ஜீவிதா சிரிக்கவில்லை. “ஒவ்வொரு பேப்பருக்கும் கிரெடிட்னு ஒண்ணு இருக்குதுங்க மாமா. பெரிய பேப்பருக்கு அதிகம், சின்னதுக்குக் கம்மி. பெரிய பேப்பர்ல வாங்குன மார்க் அதிகமாச் சேரும். எல்லாத்தையும் கூட்டி வகுத்துத்தான் இந்த ஏழு புள்ளி ரண்டு. சும்மா வந்ததில்லீங்க.”

மாரப்பன் மகளைப் பார்த்து, போதும் என்று கண்ணைக் காட்டினார். அவர் யாரிடமும் எதிர்த்துப் பேசாதவர். ஆனால் சிவப்பிரகாஷுக்கு அவளைப் பிடித்துவிட்டது. நிச்சயமும் ஆனது.

இரு வீட்டுப் பத்திரிகையையும் தனக்குத் தெரிந்த பொள்ளாச்சி அச்சகத்தில் தனபாலே அடித்துக் கொடுத்தார். கட்டு வந்து இறங்கியதும் ஜீவிதா ஒன்றை எடுத்துப் படித்தாள். உடனே அவருக்குப் போன் போட்டாள்.

“மாமா, படிப்பு தப்பா விழுந்திருக்குதுங்க.”

“தப்பில்ல கண்ணு, நாந்தான் போடச் சொன்னேன். பி.வோக்.னா எங்க சொந்தத்துல ஆருக்குத் தெரியும்? ஐ.டி.ஐ.ன்னு நெனச்சுக்குவாங்க. பி.எஸ்சி.ன்னா மரியாதை.”

“தெரியலைன்னா கேக்கட்டுங்க, நான் சொல்றேன். படிக்காதத படிச்சேன்னு போட்டுட்டு மணவறையில வந்து உக்காரமாட்டேன்.”

“ஒரு எழுத்துக்கா இத்தன பேச்சு?” என்று அவர் போனை வைத்துவிட்டார்.

ஜீவிதா கருப்புப் பேனாவை எடுத்தாள். அம்மா பொன்னாத்தாள் பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். “கல்யாணப் பத்திரிகையில கருப்பு மையில அடிக்கறதா? நல்லாருக்குமா அது?”

“அடிக்காம விடமாட்டேம்மா.”

பொன்னாத்தாள் மகளின் கையை விட்டாள். பிறகு பக்கத்துக் கடைக்குப் போய்ச் சிவப்புப் பேனாக்கள் வாங்கிவந்து மகள் முன்னால் வைத்தாள். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள். அவள் அடிக்க, மகள் எழுத, மஞ்சள் தடவிய பத்திரிகைகள் காய்ந்துகொண்டிருந்தன.

மாரப்பனுக்குத்தான் சங்கடம். அடித்துத் திருத்திய பத்திரிகையோடு வீடு வீடாகப் போக வேண்டியவர் அவர். முதல் வீட்டில் பத்திரிகையை மடித்தே கொடுத்தார். அவர்கள் விரித்துப் பார்த்து, “இதென்னங்க, சிவப்புல?” என்றதும் தடுமாறி, “புள்ள படிப்புங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அடுத்த வீட்டிலும் கேட்டார்கள். அதற்கடுத்த வீட்டில் கிரேடு வரை பேச்சுப் போய், “பி பிளஸ்னா ரத்த குரூப்புங்களா?” என்று ஒருவர் கேட்டார். மாரப்பனுக்குச் சுருக்கென்றது.

“ரத்த குரூப் இல்லீங்க. ஒரு வருசத்துல நிறுத்துனா டிப்ளமோ, ரண்டு வருசத்துல நிறுத்துனா அதுக்கு மேல ஒண்ணு. மூணும் முடிச்சாத்தான் இந்தப் பட்டம். எல்லாரும் நிறுத்தச் சொன்னாங்க, என்ற புள்ள நிறுத்தல. அவ படிச்சதத்தான் எழுதியிருக்கறோம்” என்றார்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது நாங்கள் கேட்கவே இல்லை. அவரே பத்திரிகையை விரித்து, சிவப்பு எழுத்தின் மேல் விரலை வைத்துச் சொல்ல ஆரம்பித்தார்.

சேதி பொள்ளாச்சிக்குப் போயிற்று. தனபால் சிவப்பிரகாஷைக் காரோட்டச் சொல்லி மாரப்பன் வீட்டில் வந்து இறங்கினார். கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

“நான் அடிச்ச பத்திரிகையில கிறுக்கி ஊரு முழுக்கக் கொடுத்திருக்கறீங்க. என்ற மானம் என்னாகறது? இப்பவே இப்படின்னா, கல்யாணத்த நிறுத்திக்கலாமா?”

ஜீவிதா வாயைத் திறப்பதற்குள் மாரப்பன் பேசினார்.

“நிறுத்தறதுன்னா நிறுத்திக்குங்க. புள்ள படிப்ப மாத்தறது மட்டும் நடக்காதுங்க.”

அப்பா அப்படிப் பேசி ஜீவிதா கேட்டதே இல்லை. போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

சிவப்பிரகாஷ் கார்ச் சாவியைக் கையில் உருட்டியபடி, “பெரியப்பா, எந்திரிங்க போலாம். கல்யாணமெல்லாம் நிக்காது” என்றான். ஆனால் அவன் திருத்தாமலே விட்டதால், அவர்கள் பக்கத்துப் பத்திரிகைகள் ‘பி.எஸ்சி.’ என்றே போயின. அந்த விஷயத்தில் ஜீவிதாவுக்கு இன்றைக்கும் அவன்மேல் கோபம் உண்டு.

கல்யாணத்தன்று மண்டப வாசலில் பெரிய பேனர் நின்றது. தனபால் இரண்டு பேர் படிப்பையும் எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் போட்டிருந்தார். மாப்பிள்ளையின் பி.இ.யும் இல்லை. ஜீவிதா காரிலிருந்து இறங்கியதும், சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே அதைப் படித்தாள்.

“இதுல பொய்யில்ல. வாங்க” என்று தோழிகளோடு உள்ளே போனாள்.

இப்போது பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் எண்ணெய் ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைப் பார்க்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தனபால், “எங்க மருமக, பி.எஸ்சி.” என்பார். உள்ளே எந்த வேலையில் இருந்தாலும் அவள் குரல் வந்து திருத்தும். இரண்டு பேரும் விட்டதில்லை.

போன பொங்கலுக்கு வந்த விருந்தாளி ஒருவர், “அதென்னங்க பி.வோக்.?” என்று தனபாலிடமே கேட்டார். தனபால் சமையலறைப் பக்கம் கை காட்டினார்.

“எனக்கும் தெரியாதுங்க. அவளையே கேளுங்க” என்றார்.

ஜீவிதா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். விருந்தாளிக்கு எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எழுந்து போகப் பார்த்த தனபாலிடம், “நீங்களும் உக்காருங்க மாமா” என்றாள்.