மண்ணெண்ணெய் துடைத்த வடக்கு

கல்யாணமான ஒன்பது வருசத்தில் என் மனைவிக்காக நான் சுமந்தது பெரும்பாலும் தண்ணீரும் கல்லும்தான். அவள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். லீவு நாளில் ஆராய்ச்சி. எனக்குச் சின்னமனூரில் உரக்கடை. வாரம் பூராவும் திராட்சைத் தோட்டக்காரர்களிடம் பூஞ்சாண மருந்தின் பெருமையைப் பேசுவேன். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு பாறை ஏறுவேன். "டாக்டர் பட்டம் அவளுக்கு, முதுகுவலி எனக்கு" என்று கடையில் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். எனக்கு அது போதும். நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காக நான் என்னவும் செய்வேன் என்பது ஊருக்கே தெரியும்.

கடமலைக்குண்டு தாண்டி வருசநாட்டுப் பக்கம் போனால் வெளிறிய பாறைக்கு நடுவே கறுப்புப் பட்டை போல ஒரு கல் ஓடும். பூமிக்குள் உருகிக் கிடந்த குழம்பு வெடிப்பு வழியாக ஏறி உறைந்தது என்பாள். "புளிக்குழம்பா, கறிக்குழம்பா?" என்பேன். முதல் தடவை சிரித்தாள். இருபதாவது தடவையும் நான் அதையே கேட்டேன்.

அவள் சொன்னதில் என் மண்டையில் ஏறியது இவ்வளவுதான். உருகிய கல் ஆறும்போது அதற்குள் இருக்கிற இரும்புத் துணுக்குகள் அந்தக் காலத்துக் காந்த வடக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே உறைந்துவிடும். பூமியின் நடுக்கோட்டுப் பக்கம் உறைந்த கல் என்றால் அந்தக் காந்தம் படுத்த வாக்கில் இருக்கும். துருவத்துப் பக்கம் போகப் போக நட்டுக்குத்தாக நிமிரும். பிறகு நிலம் எங்கே நகர்ந்து போனாலும் கல்லுக்குள் இருப்பது மாறாது. அளந்து பார்த்தால் இந்த மண் ஒரு காலத்தில் எங்கே கிடந்தது என்று சொல்லிவிடலாம்.

அதற்குக் கல்லை எடுக்கிற விதம் முக்கியம். பெட்ரோல் இஞ்சின் வைத்த துளை மிசினால் விரல் நீளத்துக்குப் பாறையைக் குடைவாள். நான் தண்ணீர் பாய்ச்சுவேன். குடைந்த துண்டு அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போதே, அது எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று அளக்க வேண்டும். பாறையே காந்தமாக இருப்பதால் திசைகாட்டியை முழுசாக நம்ப முடியாது. குச்சி நிழலையும் மணியையும் சேர்த்துக் குறிப்பாள். பிறகு அளந்த திசைக்கு அடையாளமாகப் பித்தளைக் கம்பியால் துண்டின் மேல் ஒரு கோடு, உடைத்து எடுத்ததும் அந்தக் கோட்டின் மேல் மார்க்கரில் ஓர் அம்புக்குறி. "இந்தக் கோடு இல்லேன்னா இது வெறும் ஜல்லிங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். ஜல்லி எனக்குப் புரிந்தது. கோடுதான் புரியவில்லை.

நாலு வருசம் தேடி அவளுக்கு ஓர் இடம் கிடைத்தது. ரோட்டோரத்தில் மலையை வெட்டிய பக்கத்தில், கறுப்புக் கல்லும் அதை ஒட்டிச் சூடுபட்ட பழைய பாறையும் ஒன்றாகத் தெரிந்தன. உள்ளே ஏறிய குழம்பு பக்கத்துப் பாறையையும் சுட்டிருக்கும். சுட்ட பாறை ஆறும்போது அதுவும் அதே வடக்கைப் பிடித்திருக்கும். இரண்டும் ஒரே திசையைக் காட்டி, தள்ளி இருக்கிற சூடுபடாத பாறை வேறு திசையைக் காட்டினால், கறுப்புக் கல்லின் காந்தம் உறைந்த அன்றைக்கு உள்ளதுதான், பின்னால் மாறியதில்லை என்று அடித்துச் சொல்லலாம். அவளுடைய மொத்த ஆராய்ச்சியும் அந்த ஓர் இடத்தில் வந்து நின்றது. அங்கே பதினாலு துண்டு எடுத்தோம். மற்ற இடத்துக் கற்கள் முன்பே ஆய்வகத்துக்குப் போய்விட்டன. இந்தப் பதினாலும் வீட்டில் ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில் இருந்தன.

அந்த வாரம் ஆயுத பூசை வந்தது.

அவள் காலையிலேயே தேவதானப்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் கடைத் தராசு, ஸ்பிரேயர், பைக், மிக்ஸி எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். துளை மிசினையும் பளபளவென்று துடைத்தேன். பக்கத்தில் ட்ரே இருந்தது. அவளுக்குத் தொழில் கல்தானே, கல்லுக்கும் பொட்டு வைத்தால் வந்து பார்த்துச் சிரிப்பாள் என்று தோன்றியது. அழுக்காக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து நன்றாகத் துடைத்துத் தேங்காய் நாராலும் ஒரு தேய் தேய்த்து, வரிசை மாறாமல் திருப்பி வைத்தேன். பதினாலாவதை வைக்கும்போதுதான் துணி முழுக்கக் கறுப்பு மையாக இருந்ததைப் பார்த்தேன்.

அம்புக்குறி ஒன்றுகூட இல்லை. பித்தளைக் கோடும் இல்லை.

அவளுடைய மேசையிலிருந்து மார்க்கரை எடுத்து நானே பதினாலு அம்பு வரைந்தேன். கோடு கோடுதானே என்று நினைத்தேன். ஸ்கேல் வைத்து வரைந்ததால் அவள் போட்டதைவிட நேராகவே இருந்தன. மேலே சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு சாமந்திப்பூ.

சாயந்தரம் வந்தவள் ட்ரேயைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து சிரித்தாள். "என்னங்க இது, கல்லுக்கெல்லாம் பொட்டு வச்சு மாப்பிள்ள மாதிரி உக்கார வச்சிருக்கீக!" போட்டோ எடுத்து அவளுடைய அம்மாவுக்கு அனுப்பினாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் அப்படியே நினைத்தேன்.

பதினாலு கல்லையும் ஆய்வகத்தில் அளந்துவிட்டுத் திரும்பி வந்த அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "பதினாலும் பதினாலு பக்கம் காட்டுதுங்க. பாறையில இடி விழுந்திருக்கும்னு சொல்றாக. இடி விழுந்தா பழைய காந்தம் அழிஞ்சிருமாம்."

"ஆமாத்தா, அங்கன இடி அதிகந்தான்" என்றேன். உரக்கடைக்காரன் வானிலை சொன்னேன்.

திரும்ப எடுத்துப் பார்த்துவிடலாம் என்று பைக்கில் கிளம்பினோம். ஆயுத பூசை முடிந்து அதற்குள் நாலு மாதம் ஓடியிருந்தது. அந்த நாலு மாதத்தில் ரோட்டை அகலப்படுத்தியிருந்தார்கள். பாறை இருந்த இடத்தில் புதுத் தார் மின்னியது. ஓரத்தில் கான்கிரீட் சுவர். அவள் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ரோடு நல்லாத்தான் போட்டிருக்கான்" என்றேன். அப்படியும் ஒருத்தன் சொல்வானா என்றால், சொன்னேன்.

அந்த இடத்தில் இடி விழுந்திருக்கலாம் என்று எழுதி, கணக்கிலிருந்து நீக்கி, ஆய்வேட்டை முடித்தாள். பட்டம் கிடைத்தது. வீட்டில் விருந்து வைத்தோம். அவளுடைய அண்ணன், அம்மா, என் தங்கச்சி குடும்பம் எல்லாரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் என்னைச் சீண்டினார்.

"மாப்ள, தங்கச்சி டாக்டராயிருச்சு. நீங்க கேன் தூக்குனதுக்கு எதுவும் பட்டம் உண்டா?"

"கேனு மட்டுமா? கல்லுக்கே எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுனவன் நானு" என்று ஆரம்பித்தேன்.

ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மண்ணெண்ணெய்த் துணி, தேங்காய் நார், அழிந்த அம்பு, நான் ஸ்கேல் வைத்து வரைந்த அழகு, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். மச்சானுக்குச் சிரித்துப் புரையேறியது. என் தங்கச்சி தலையில் தட்டிக்கொண்டாள். பட்டம்தான் வந்துவிட்டதே, இனிமேல் இது சிரிப்புக் கதைதானே என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

அவள் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டியை வாளிக்குள் வைத்தாள்.

"எந்த ட்ரேங்க?"

அவள் இன்னொரு தடவை கேட்டாள். "ரோட்டோரத்துக் கல்லா?"

தலையாட்டினேன். மிச்சம் இருந்த இலைகளுக்கும் ரசம் ஊற்றி முடித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

சண்டை போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சண்டையில் சிரிக்க வைக்க எனக்குத் தெரியும். மறுநாள் ஒன்றுதான் கேட்டாள். "எங்க கைடுக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க. நடந்தத மட்டும். நான் எழுதுனது தப்புன்னு அவுகளுக்குத் தெரியணும். சிரிப்பு வேணாம்." முதலில் எழுதியது இரண்டு பக்கம் வந்தது. படித்துப் பார்த்தால் மிக்ஸிக்குப் பொட்டு வைத்த கதையெல்லாம் இருந்தது. கிழித்துவிட்டு எழுதினேன். மூன்று நாளில் ஐந்து வரி தேறியது. அவள் நின்றுகொண்டே படித்தாள். மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள் என்பது எனக்கு அடுத்த மாதம்தான் தெரியும். "அங்கனயே தங்கிக்கிறேன்" என்றாள். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

தேனி பஸ் ஸ்டாண்டில் காலை வெயிலில் இரண்டு பையோடு நின்றோம். பேச ஒன்றும் இல்லாமல் கேட்டேன். "ஏத்தா, மத்த எடத்துக் கல்லுல என்னதான் தெரிஞ்சுச்சு?"

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஒம்பது வருசத்துல இன்னைக்குத்தான் கேக்குறீக."

பேனாவை எடுத்து உள்ளங்கையில் படுக்க வைத்தாள். "நாம இப்ப நடுக்கோட்டுப் பக்கம். இங்கன ஒறஞ்ச கல்லுன்னா காந்தம் இப்பிடிக் கெடக்கணும்." பேனாவை நிமிர்த்தினாள். "நம்ம கல்லுல இப்பிடி."

"அப்ப இந்த மண்ணு துருவத்துப் பக்கம் கெடந்துச்சா? நம்ம வருசநாடா?"

"கெடந்திருக்கலாம்."

"லாம்னா?"

"பின்னால எப்பவோ சூடு பட்டு மாறுன காந்தமாவும் இருக்கலாம்ல. அப்பிடின்னா அது எந்தக் காலத்துத் தெசைன்னே தெரியாது. மொதல்ல ஒறஞ்சப்ப உள்ளதுதான்னு சொல்றதுக்குத்தான் அந்தப் பதினாலு கல்லு."

கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்கவேண்டிய விசயம் இல்லை அது. வருசநாட்டு மலையே ஒரு காலத்தில் பூமியின் இன்னொரு கோடியில் கிடந்திருக்கலாம், அதைக் கண்டுபிடித்தவள் என் பக்கத்தில் பையோடு நிற்கிறாள்.

"வேற எங்கனயாச்சும் அந்த மாதிரி எடம் இருக்கும். நான் தேடுறேன்."

"தேடிட்டேங்க" என்றாள்.

பஸ் வந்தது. பைகளை ஏற்றிக் கொடுத்தேன். சொல்வதற்கு ஒரு ஜோக் வாய் வரைக்கும் வந்தது. நல்ல ஜோக்குதான். அதை விட்டுவிட்டு, "நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றாள், படியில் நின்றபடி. "கோவிச்சிருப்பேன். ரெண்டு நாளு பேசியிருக்க மாட்டேன். அப்புறம் பைக்குல போயித் திரும்ப எடுத்துட்டு வந்திருப்போம்."

உள்ளே போய் சன்னலோரமாக உட்கார்ந்தாள். நான் நின்ற பக்கத்துச் சன்னல் இல்லை.