அப்பாவுக்கு வந்த மலர்வளையம்

அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்த ஆட்களுக்கு அப்பாவே கதவைத் திறந்துவிட்டார். அந்தக் கூத்துக்கு முழுக்காரணம் நான்தான். எனக்கு அப்போது ஏழு வயது.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில், ஒரு கட்டடத்தின் முதலாம் மாடியில் எங்கள் வீடு. அப்பா பத்திரிகைக்காரர். பின்னேரம் மூன்று மணிக்கு வேலைக்குப் போனால் விடியத்தான் வருவார்; பிறகு மத்தியானம்வரை நித்திரை. அவர் அரசாங்கத்தைப் பற்றி எழுதுகிறார் என்பது எனக்குத் தெரியும். பசுவைப் பற்றிப் பத்து வசனம் எழுதச் சொல்லி ரீச்சர் எங்களுக்குத் தருவதுபோல, அப்பாவுக்கும் யாரோ தந்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

"கொஞ்சம் பார்த்து எழுதுங்கோவன்" என்று அம்மா கெஞ்சுவா.

"பார்த்துத்தானே எழுதுறன். பாராமல் எழுதினா எழுத்துப்பிழை வந்திடுமே" என்பார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பே வராது.

வீட்டு ரெலிபோனை நான் எடுக்கக்கூடாது என்று சட்டம். அம்மா எடுப்பா, கொஞ்சநேரம் கேட்பா, ஒன்றும் கதைக்காமல் வைப்பா. ஆர் அம்மா என்று கேட்டால் "ரோங் நம்பர்" என்பா. கொழும்பிலேயே அதிகமான ரோங் நம்பர் வந்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னைத் தண்டவாளம் தாண்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். ரயில் வந்தால் என் இரண்டு காதையும் பொத்துவார். தன் காதைப் பொத்த அவருக்குக் கை மிஞ்சாது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, ரயில் போய் முடியும்வரை அப்படியே நிற்பார். அந்த உள்ளங்கைகளின் சூடு எனக்கு இன்னும் வேண்டியிருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இந்த வயதிலும் வேண்டியிருக்கிறது.

அது மார்கழி மாதம், பள்ளிக்கூட விடுமுறை. கீழ்வீட்டு அன்ரி வேதக்காரர், ஞாயிறு தவறாமல் சேர்ச்சுக்குப் போகிறவ. நத்தாருக்காகத் தன் வாசல் கதவில் சிவப்பு ரிபன் கட்டிய பச்சை வளையமொன்றைத் தொங்கவிட்டிருந்தா. எங்கள் கதவு மொட்டையாக இருக்கிறதே என்று எனக்கு ஒரே கவலை. அம்மாவிடம் கேட்டேன். "நாங்கள் அதெல்லாம் கட்டுறேல்லை" என்று முடித்துவிட்டா.

ஒருநாள் காலை அம்மா சந்தைக்குப் போயிருந்தா, அப்பா அறைக்குள் நித்திரை. மணி அடித்தது. திறந்தால், முழுக்கைச் சேர்ட்டைச் சரியாக அயன்பண்ணிப் போட்ட ஒரு மாமா. கீழே அவருடைய ஓட்டோ இரைந்துகொண்டு நின்றது. கையில், ஐயோ, எவ்வளவு பெரிய வளையம்! வெள்ளைப் பூ, ஊதாப் பூ, நடுவே ஊதா ரிபன். ரிபனில் அப்பாவின் முழுப்பெயர் தங்க எழுத்தில் இங்கிலிசில் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன். அப்பாவுக்குப் பரிசு கிடைத்திருக்கிறது!

"தாத்தா இன்னவாத?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா; அப்பா இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார். அது எனக்கு அப்போது தெரியாது. என் சிங்களமெல்லாம் பேக்கரியில் பாண் வாங்கப் பழகிய சிங்களம். என்னுடைய தாத்தா நான் பிறக்க முதலே ஊரில் செத்துப்போனவர். அதைத்தான் மரியாதையாகச் சொன்னேன்.

"தாத்தா மெருணா." தாத்தா செத்துப்போனார்.

அந்த மனிதர் என்னைக் குனிந்து பார்த்துச் சிரித்தார். "தாம நே" என்றார். இன்னும் இல்லை. பாண் வெந்து முடியாவிட்டால் பேக்கரிக்காரர் சொல்வதும் இதைத்தான். பாவம், ஏதோ மாறி விளங்கிவிட்டார் என்று நினைத்து நானும் சிரித்தேன். அவர் வளையத்தை என் கையில் தந்து, என் தலையைத் தடவிவிட்டு இறங்கிப் போனார்.

நான் கதிரையை இழுத்து வந்து, கதவிலிருந்த ஆணியில் அதைக் கட்டினேன். கீழ்வீட்டு அன்ரியின் வளையத்தைவிட மூன்று மடங்கு பெரிது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை பிறகு ஒரு சோதனை பாஸ்பண்ணியும் வந்ததில்லை.

கொஞ்சநேரத்தில் மேலே ஏறிவந்த அன்ரி அதைக் கண்டு நெஞ்சில் சிலுவை போட்டா. பிறகு எதிர்க்கடை முஸ்லிம் நானா, கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தார். அவருக்குப் பின்னால் நாலைந்து பேர். யாரோ கதவைத் தட்ட, சாரத்தை இறுக்கிக்கொண்டு, தலைமயிர் குத்திட்டு நிற்க, அப்பாவே வந்து திறந்தார்.

"அல்லாஹ்! சேர், நீங்க இருக்கீங்களா?" என்றார் நானா.

"இருக்கிறன் நானா. உள்ளுக்கு வாங்கோ" என்றார் அப்பா, ஒன்றும் விளங்காமல்.

அதற்குப் பிறகுதான் கதவைப் பார்த்தார். தன் பெயரை வாசித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "ஆர் கட்டினது?" என்றார். நான்தான் என்றேன். "நல்ல வடிவாக் கட்டியிருக்கிறாய்" என்று என்னைத் தூக்கினார். கொண்டுவந்த ஆள் என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன். இன்னொருக்கால் சொல்லச் சொன்னார். மூன்றாந்தரம் நான் "தாம நே" என்றபோது அவர் சிரிக்கவில்லை. என்னை இறுக்கிப் பிடித்ததில் எனக்கு மூச்சு முட்டியது.

அம்மா படியேறி வந்தா. கதவையும் சனத்தையும் கண்ட இடத்திலேயே கத்தினா. அப்பாவைக் கண்ட பிறகும் நிறுத்தவில்லை. வளையத்தை ஆணியோடு பிடுங்கி எறிந்துவிட்டு, அத்தனை பேருக்கும் முன்னால் அப்பாவின் நெஞ்சில் குத்தினா. "எழுதுறதை விடுங்கோ. இல்லாட்டி இந்த நாட்டை விடுங்கோ. எனக்கு நீங்கள் உயிரோட வேணும்."

அப்பா அந்தக் கிழமையும் எழுதினார். ஆகவே நாட்டை விட்டார்.

குளிர்நாடொன்றில் நான்கு வருடம் இருந்தார். அங்கே பெட்டி தூக்குகிற வேலை. எங்களைக் கூப்பிடப் படிவம் மேல் படிவமாக நிரப்பினார். அரசாங்கத்தைப் பற்றி எழுதிய கையால் அரசாங்கங்களுக்கு விண்ணப்பம் எழுதினார். ஒரு தைமாதம் மாரடைப்பு வந்து போய்விட்டார். உண்மையான செத்தவீட்டுக்கு எங்களுக்கு விசா கிடைக்கவில்லை.

அவர் வெளிக்கிட்ட நாளைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். போகப்போகிறார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? கதவில் வந்து நிற்கிற எவனிடமும் எல்லாவற்றையும் ஒப்புவிக்கிற பிள்ளை நான். வளையம் வந்த நாளிலிருந்து ஒழுங்கை முனையில் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கும் சந்தேகம் வரக்கூடாது. அதனால் வழக்கம்போல மூன்று மணிக்கு, வழக்கமான தோள்பையோடு வெளிக்கிட்டார். நான் ரிவியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சப்பாத்து நூல் கட்ட அன்றைக்கு அவருக்கு நிறைய நேரம் எடுத்தது.

"பிள்ளை, போட்டு வாறன்" என்றார், ஒவ்வொரு நாளும் போய்வருகிறேன் என்று சொல்கிற அதே குரலில்.

நான் திரும்பவில்லை. அவர் வந்து எனக்கும் ரிவிக்கும் நடுவில் நின்று, இன்னொருக்கால் சொன்னார். "போட்டு வாறன், என்ன?"

"ஐயோ அப்பா, மறைக்குது. போங்கோ!"

"போங்கோ எண்டு சொல்லாதை" என்று அம்மா குசினியிலிருந்து பாய்ந்து வந்தா. "போட்டு வாங்கோ எண்டு சொல்லு! சொல்லடி!" அம்மாவின் முகமெல்லாம் நனைந்திருந்தது. வெங்காயம் வெட்டுகிறா என்று நினைத்தேன்.

"விடும். பிள்ளை பார்க்கட்டும்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு ஒரு பக்கமாக விலகி நின்றார், எனக்கு மறைக்காமல். எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, எனக்குத் தெரியாது. நான் ரிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.