இரவல் படபடப்பு

வண்டியை உதைக்கும் முன் வெள்ளைத்துரை இரண்டு விரலைக் கழுத்தில் வைத்துப் பார்க்கிறார். நாடி தபாலாபீஸ் கடிகாரம் மாதிரி நிதானமாக அடிக்கிறது. முகம் சுருங்குகிறது. "சவமால்ல கெடக்கு" என்கிறார், யாரையும் பார்க்காமல்.

தமுக்கம் பொருட்காட்சியில் மரணக் கிணறு இவருடையது. பலகைகளை நிறுத்தி அடித்த வட்டக் கிணறு. உள்சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி ஏறும். விளிம்புக்கு ஒரு சாண் கீழே சிவப்புக் கோடு. தாண்டினால் வண்டி வெளியே, ஆள் தத்தனேரிச் சுடுகாட்டில். இருபது வருஷமாக அந்தக் கோட்டைப் பார்த்து இவர் ஓட்டியதில்லை. கிட்டப் போனால் நெஞ்சு காதுக்குள் வந்து அடிக்கும். இறங்கிவிடுவார்.

போன ஐப்பசியில் நெஞ்சுவலி. டவுன்ஹால் ரோட்டு டாக்டர் மாத்திரை எழுதினார். "பயந்தா ஒடம்பு ஒரு ஹார்மோனை ரத்தத்துல விடும். அதை வாங்கிக்கிற வாசல் நெஞ்சுல இருக்கு, ரிசப்டர்ம்போம். இந்த மாத்திரை போயி வாசல்ல உக்காந்துக்கிரும்."

வலி நின்றது. கூடவே இன்னொன்றும் நின்றது. அடுத்த மாசம் வாடிப்பட்டித் திருவிழாவில் சொகுசாக ஏறிக்கொண்டிருந்தவர் மூக்கில் வறுகடலை வாசம் அடித்தது. விளிம்பில் குனிந்திருந்த முகங்களெல்லாம் வாயைப் பிளந்திருந்தன. தனக்கு வரவேண்டிய பயம் அந்த முகங்களில் இருந்தது. முன்சக்கரம் கோட்டுக்கு மேலே. உள்ளங்கை வேர்த்து ஒழுகியது. நெஞ்சு மட்டும் தன்பாட்டுக்கு டிக், டிக்.

"பயம் வந்து கதவத் தட்டுது சார். உள்ள ஆளக் காணோம். மாத்திரைய விட்டுறட்டா?" என்று டாக்டரிடம் போய்க் கேட்டார்.

"செத்தீங்க. அடைக்க அடைக்க நெஞ்சு புதுப்புது வாசலா வச்சுக்கிட்டே போகும். திடீர்னு விட்டா அம்புட்டும் ஒண்ணாத் தெறக்கும். பேசாம தொழில விடுங்க. ரோட்டுல வண்டி ஓட்டுனா என்ன?"

"ரோட்டுலயா? லாரி வருமே சார்!"

அப்புறம்தான் மனைவி அன்னக்கொடியை விளிம்பில் நிறுத்தினார், கையில் எண்ணெய்த் தகரத்தோடு. அவள் நெஞ்சு எப்படி அடிக்கிறதோ அப்படியே தகரத்தை அடிக்க வேண்டும். அவர் மேலே ஏற ஏறத் தாளம் முடுகும், தாறுமாறானால் இறங்கிவிடுவார். ஜனங்கள் அதைப் பக்கவாத்தியம் என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். பெண்டாட்டியின் நெஞ்சை வாங்கிப் பிழைக்கிற புருஷன் ஊரில் இவர் ஒருவர்தானா என்ன!

ஆறு மாசம் தினமும் பயந்ததில் அன்னக்கொடிக்கு இப்போது பிரஷர், படபடப்பு. அதே டாக்டர். அதே மாத்திரை. "தப்பாமத் தின்னும்மா, இல்லேன்னா நெஞ்சு தாங்காது" என்று எச்சரித்திருக்கிறார். இன்று முதல் நாள்.

கிணற்றடியில் நின்று வெள்ளைத்துரை அண்ணாந்து கேட்கிறார்: "ஏத்தா, மாத்திரை தின்னியா?"

"தின்னாச்சு, தின்னாச்சு. நீ ஏறுய்யா."

அவள் முந்தானை நுனியில் மாத்திரை அளவுக்கு ஒரு முடிச்சு. அவர் கண் அதில் படுவதற்குள் அதை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். அவர் கழுத்திலிருந்து விரலை எடுக்கிறார். வண்டியை இன்னும் உதைக்கக்கூட இல்லை. மேலே தகரம் தடதடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது.